எறிந்ததா, நழுவியதா?



நடுவர் என்பது நம் மொழியின் நல்ல சொற்களுள் ஒன்று. இரு பக்கத்துக்கும் நடுவே நிற்பவர், எந்தப் பக்கமும் சாயாதவர் என்னும் பொருள் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. வழக்கு மன்றத்தில் அமர்ந்திருக்கும் நடுவருக்குச் சாட்சிகளைக் கேட்க நேரம் உண்டு. சட்ட நூல்களைப் புரட்ட நேரம் உண்டு. தீர்ப்பை ஒத்திவைத்து வீட்டுக்குச் சென்று எண்ணிப் பார்க்கவும் நேரம் உண்டு. ஆட்டக்களத்தில் நிற்கும் நடுவருக்கோ இவற்றுள் எதுவும் இல்லை. இமைப்பொழுதில் நடந்து முடிந்த ஒன்றைத் தாமே கண்டு, தாமே எடைபோட்டு, பல்லாயிரவர் முன்னிலையில் தாமே தீர்ப்பும் கூற வேண்டியவர் அவர்.

அத்தகைய தீர்ப்பு ஒன்றின் இயல்பைத்தான் இன்று உங்களுக்கு விளக்கக் கருதுகின்றேன். அமெரிக்க நாட்டுக் கால்பந்தாட்டத்தில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. ஆட்டக்காரன் கையில் பந்து இருந்தது, இப்போது இல்லை. அவன் அதை எறிந்தானா, அல்லது அது அவன் கையிலிருந்து நழுவியதா? கேள்வி இவ்வளவே. ஆனால் இதற்குக் கூறப்பட்ட விடைகள் ஆட்டங்களின் போக்கை மாற்றியிருக்கின்றன. விதிநூலின் வரிகளையே திருத்தச் செய்திருக்கின்றன. செயலைக் கொண்டு தீர்ப்பதா, செய்தவனின் எண்ணத்தைக் கொண்டு தீர்ப்பதா என்னும் பழைய சிக்கல் இதனுள் இருக்கிறது. ஆதலால் அந்த ஆட்டத்தை ஆடாத நாமும் இதனைக் கற்றுக்கொள்வதில் பயன் உண்டு.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகக் காண்போம். அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பது நாம் பள்ளிகளில் ஆடும் கால்பந்து அன்று. அதில் காலுக்கு வேலை குறைவு. கைக்கும் தோளுக்குமே வேலை மிகுதி. பந்து முழு உருண்டையாக இராது. நீண்டு, இரு முனையும் கூர்த்திருக்கும். களத்தின் இரு எல்லைக் கோடுகளுக்கும் இடையே உள்ள நீளம் 100 கஜம். பக்கத்துக்கு 11 பேர் ஆடுவர். பந்தை உடைய அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அந்நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜமேனும் முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிடில் பந்து எதிரணிக்குச் சென்றுவிடும். ஒவ்வொரு முயற்சியின் தொடக்கத்திலும் பந்து 'குவார்ட்டர்பேக்' என்னும் ஆட்டக்காரனிடம் வந்து சேரும். அவன் அதை வைத்துக்கொண்டு ஓடலாம். பக்கத்தில் வருபவனிடம் கொடுக்கலாம். முன்னே ஓடும் தன் துணைவனுக்கு எறியலாம். இப்படி முன்னோக்கி எறிவதையே 'பார்வர்டு பாஸ்' என்கின்றனர். நாம் முன்னெறிவு என்று கூறிக்கொள்வோம். கையிலிருந்த பந்தைத் தவற விடுவதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஃபம்பிள்'. அதை நழுவல் எனலாம்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏன் இவ்வளவு பெரிதாயிற்று? காரணம் இதுதான். முன்னெறிந்த பந்தை எவரும் பிடிக்காமல் அது தரையில் விழுந்தால், அந்தக் கணமே ஆட்டம் நின்றுவிடும். எறிந்த அணிக்கு ஒரு முயற்சி வீணாகும்; அவ்வளவே. பந்து பழைய இடத்துக்குத் திரும்பும், உடைமையும் மாறாது. நழுவிய பந்து தரையில் விழுந்தாலோ, ஆட்டம் நிற்பதில்லை. பந்து உயிரோடு இருக்கிறது; எவன் முதலில் அதன்மீது பாய்கின்றானோ அவனுடைய அணிக்கு அது உரியதாகும். முன்னதில் இழப்பு ஒரு முயற்சி. பின்னதில் இழப்பு பந்தே. தரையில் உருளும் பந்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு பந்தில் இல்லை. அது கையை விட்டுப் புறப்பட்ட விதத்தில் இருக்கிறது.

முன்னெறிவு இந்த ஆட்டத்தில் தொடக்கம் முதல் இருந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பந்தைச் சுமந்து ஓடுவதும், கூட்டமாக முட்டி மோதுவதுமே ஆட்டமாக இருந்தன. அம்மோதலில் எலும்பு முறிவது மட்டுமன்று, உயிர் போவதும் உண்டு. 1905-ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தனர். ஆட்டத்தையே தடை செய்ய வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. அப்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய பல்கலைக்கழகங்களின் சார்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு, 1906-இல், விதிகள் திருத்தப்பட்டன. ஆட்டம் ஓரிடத்தில் குவிந்து நசுங்காமல் களமெங்கும் பரவ வேண்டும் என்னும் நோக்கத்தோடு முன்னெறிவுக்கு இசைவு தரப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் என்னும் மாணவர் விதிப்படி அமைந்த முதல் முன்னெறிவை எறிந்தார். அது பிடிபடாமல் தரையில் விழுந்தது. அன்றைய விதியோ கடுமையானது. எவர் கையும் படாமல் தரையில் விழுந்த பந்து எதிரணிக்கே உரியதாயிற்று. அந்த ஆட்டத்திலேயே பிறகு எறிந்த பந்து பிடிபட்டு வெற்றி தந்தது.

அன்பர்களே, ஒன்றை இங்கே எண்ணிப் பாருங்கள். தரையில் விழுந்த எறிவும் எதிரணிக்கே போய்விடும் என்று இருந்த காலத்தில், எறிந்ததா நழுவியதா என்னும் கேள்விக்கு இன்றுள்ள கூர்மை இருந்திருக்க முடியாது. எறிவுக்குச் சலுகை வளர வளர, நழுவலிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட வேண்டிய தேவையும் வளர்ந்தது. எங்கே ஒரு சலுகை பிறக்கிறதோ, அங்கே அதன் எல்லையைப் பற்றிய வழக்கும் பிறக்கிறது.

இனி நடுவரிடம் வருவோம். அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்துக் கழகத்தின் ஆட்டங்களில் களத்தில் எழுவர் நடுவராக நிற்கின்றனர். அவர்களுள் தலைமை நடுவர் வெள்ளைத் தொப்பி அணிந்திருப்பார். மற்றவர்கள் கண் பந்தின் பின்னே ஓடினாலும் அவர் கண் ஓடக் கூடாது. குவார்ட்டர்பேக்குக்குப் பின்புறம், பத்துப் பன்னிரண்டு கஜத் தொலைவில் நின்றுகொண்டு, எறியும் கையை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தொடக்கக் கோட்டின் இரு முனைகளிலும், களத்தின் ஓரங்களில், இரு நடுவர் நிற்பர். பந்து முன்னே சென்றதா, பின்னே சென்றதா என்பதைப் பக்கவாட்டில் நின்று காண்பவர்களுக்கே தெளிவாகத் தெரியும். பின்னே சென்றது என்று கண்டால், அவர்கள் தம் கையைப் பின்புறம் நீட்டி மற்றவர்களுக்கு உணர்த்துவர்.

அவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி திசையைப் பற்றியது. முன் என்பது எறிபவன் முகம் பார்க்கும் திசையன்று; எதிரணியின் எல்லைக் கோடு இருக்கும் திசை. பந்து கையை விட்ட இடத்தையும், அது முதலில் எதன்மீது பட்டதோ அந்த இடத்தையும் ஒப்பிட வேண்டும். பட்ட இடம் எதிரணி எல்லைக்கு அண்மையில் இருந்தால் அது முன்னெறிவு. இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தாலும், பட்ட இடம் பின்னே இருந்தாலும் அது பின்னெறிவு. பின்னெறிந்த பந்து தரையில் விழுந்தால் ஆட்டம் நிற்காது. நழுவல் போலவே இருபக்கத்தாரும் அதன்மேல் பாயலாம். ஆகவே ஒரு சாண் வேறுபாட்டில் எல்லாம் மாறிவிடும்.

2000-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் நாஷ்வில் நகரில் இக்கேள்வி எழுந்தது. டென்னசி டைட்டன்ஸ் அணியும் பஃபலோ பில்ஸ் அணியும் ஆடின. ஆட்டம் முடிய 16 நொடிகளே இருந்தபோது பஃபலோ அணி 16-க்கு 15 என்று முந்திக்கொண்டது. பிறகு அது உதைத்து அனுப்பிய பந்து கைமாறி டென்னசியின் ஃபிராங்க் வைச்செக்கிடம் வந்தது. அவர் களத்தின் மறுபக்கத்தில் நின்ற கெவின் டைசனுக்குக் குறுக்கே எறிந்தார். டைசன் 75 கஜம் ஓடி எல்லையைக் கடந்தார். அத்தகைய ஓட்டத்தில் முன்னெறிவுக்கு இடமே இல்லை. எறிவு ஓர் அடி முன்னே சென்றிருந்தாலும் எல்லாம் செல்லாதனவாகிவிடும். களத்தில் நின்ற நடுவர்கள் அது முன்னெறிவு அன்று என்று கொண்டனர். தலைமை நடுவர் பில் லக்கெட் படப்பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். களத்துத் தீர்ப்பை மாற்றுவதற்கு ஐயத்துக்கிடமில்லாத காட்சிச் சான்று வேண்டும் என்பது விதி. அத்தகைய சான்று படத்தில் இல்லை, தீர்ப்பு நிலைத்தது, டென்னசி 22-க்கு 16 என்று வென்றது. படத்தைப் பார்ப்பவரின் பணி புதிதாகத் தீர்ப்புக் கூறுவதன்று. முன்பு கூறிய தீர்ப்பு தவறு என்பது மெய்ப்பிக்கப்பட்டதா என்று காண்பதே. கிரிக்கெட் ஆட்டத்தில் மூன்றாம் நடுவரைக் கண்டு பழகிய உங்களுக்கு இந்த நுட்பம் எளிதில் விளங்கும்.

இரண்டாம் கேள்வி கையைப் பற்றியது. பந்து உறுதியான பிடியில் இருக்கும்போதே கை முன்னோக்கி அசையத் தொடங்கிற்றா? தொடங்கியிருந்தால், அதன்பின் எதிரி வந்து மோதிப் பந்து எங்கே போய் விழுந்தாலும், பின்புறமே விழுந்தாலும், அது முன்னெறிவுதான். கை அசையத் தொடங்குமுன்னரே பந்து பிடியிலிருந்து தளர்ந்துவிட்டதென்றால் அது நழுவல். இதில் கண்ணை ஏமாற்றும் ஒன்று உண்டு. பந்து தட்டிவிடப்பட்ட பிறகும், தொடங்கிய வேகத்தில் கை வெறுமையாக முன்னே வீசிச் செல்லும். தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு அது எறிவு போலவே தோன்றும். வெறுங்கை வீசியதா, பந்தோடு கூடிய கை வீசியதா என்பதைத் தலைமை நடுவர் அரை நொடிக்குள் பிரித்தறிய வேண்டும். அதனால்தான் அவர் பந்தைத் தொடராமல் கையையே பார்க்க வேண்டும் என்றேன்.

மூன்றாம் கேள்விதான் கடினமானது: ஆட்டக்காரன் என்ன எண்ணினான்? எண்ணத்தைக் காண நடுவருக்குக் கண் இல்லை. இதற்குச் சான்றாக இரண்டு ஆட்டங்களைக் கூறுகின்றேன். இரண்டிலும் ஓக்லண்டு ரெய்டர்ஸ் என்னும் ஒரே அணி இடம் பெற்றிருப்பது வியப்புக்குரியது.

முதலாவது, 1978-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் சான் டியேகோ நகரில் நடந்தது. ரெய்டர்ஸ் அணி 14-க்கு 20 என்று பின்தங்கியிருந்தது. பத்து நொடிகளே எஞ்சியிருந்தன. குவார்ட்டர்பேக் கென் ஸ்டேப்லரை எதிரி பிடித்துவிட்டான். அவன் பிடியில் வீழும்போது ஸ்டேப்லரின் கையிலிருந்து பந்து முன்னோக்கி விழுந்து உருண்டது. பீட் பனாசாக் என்னும் துணைவர் அதை எடுப்பவர் போலத் தடுமாறி மேலும் முன்னே தள்ளினார். டேவ் காஸ்பர் என்னும் மற்றொருவர் காலாலும் கையாலும் அதை எல்லைக்குள் செலுத்தி அதன்மீது விழுந்தார். நடுவர்கள் அதை நழுவல் என்று கொண்டனர். ரெய்டர்ஸ் அணி 21-க்கு 20 என்று வென்றது. முன்னெறிவு என்று கொண்டிருந்தால் தரையில் விழுந்த கணமே பந்து செத்திருக்கும். வெற்றி சான் டியேகோவுக்குச் சென்றிருக்கும். ஸ்டேப்லர் வேண்டுமென்றே பந்தை முன்னே போட்டதாகப் பின்னாளில் தாமே கூறினார். ஆனால் அன்று களத்தில் நின்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்? நழுவவிட்டவனின் கை எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர் கை இருந்தது.

விதியில் இருந்த ஓட்டை அந்த ஆட்டத்தால் வெளிப்பட்டது. 1979-ஆம் ஆண்டில் கழகம் விதியைத் திருத்தியது. ஒவ்வோர் அரைப் பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களில் பந்து நழுவினால், நழுவவிட்டவனைத் தவிர அவன் துணைவர் எவரும் அதை எடுத்து முன்னேற முடியாது என்பது அத்திருத்தம். அதன் அறிவு நுட்பத்தைப் பாருங்கள். ஆட்டக்காரன் நெஞ்சை ஆராயும்படி அது நடுவரைப் பணிக்கவில்லை. வஞ்சனையால் பயன் விளையாதபடி செய்துவிட்டது. பயன் இல்லாத இடத்தில் வஞ்சனைக்கு வேலை இல்லை அல்லவா?

இரண்டாவது ஆட்டம் 2002-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் இரவு, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபாக்ஸ்பரோவில், கொட்டும் பனியில் நடந்தது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி 10-க்கு 13 என்று ரெய்டர்ஸ் அணியிடம் பின்தங்கியிருந்தது. இரண்டு நிமிடங்களுக்கும் குறைவான நேரமே இருந்தது. தோற்ற அணி அப்பருவத்திலிருந்து வெளியேற வேண்டும். பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி எறிவதற்காகக் கையை முன்னே கொண்டுவந்தார். பின் எறிய வேண்டாம் என்று கருதிப் பந்தைத் தன் உடலை நோக்கித் திருப்பினார். அந்த இடைவெளியில் ரெய்டர்ஸின் சார்ல்ஸ் உட்சன் பாய்ந்து மோதினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருவரும் ஒரே அணியில் ஆடியவர்கள். பந்து சிதறிப் பனியில் விழுந்தது. ரெய்டர்ஸின் கிரெக் பீகர்ட் அதன்மீது விழுந்து பற்றிக்கொண்டார். நடுவர்கள் நழுவல் என்றனர். ஆட்டம் ஏறத்தாழ முடிந்துவிட்டது என்றே பார்த்தவர்கள் நினைத்தனர்.

கடைசி இரண்டு நிமிடங்களில் மறுபார்வையை மேலே அமர்ந்திருக்கும் அலுவலரே கோர வேண்டும் என்பது முறை. அவர் கோரினார். தலைமை நடுவர் வால்ட் கோல்மன் களத்தின் ஓரத்தில் இருந்த திரையில் படத்தைப் பார்த்தார். திரும்பி வந்து, கை முன்னோக்கி அசைந்தது, ஆகவே இது பிடிபடாத முன்னெறிவு என்று அறிவித்தார். பந்து பேட்ரியட்ஸிடமே திரும்பியது. 27 நொடிகள் இருந்தபோது ஆடம் வினாட்டியேரி 45 கஜத் தொலைவிலிருந்து பனியினூடே பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்திலும் அவரே உதைத்து 16-க்கு 13 என்று வெற்றி தேடித் தந்தார். இரண்டு வாரங்களுக்குப் பின், பிப்ரவரி 3-ஆம் நாள், அந்த அணி முதன்முறையாக இறுதி வெற்றிக் கோப்பையையும் பெற்றது.

கோல்மன் ஏன் அப்படித் தீர்த்தார்? 1999-ஆம் ஆண்டு விதிநூலில் சேர்க்கப்பட்ட ஒரு குறிப்பே காரணம். அதனை 'டக் ரூல்' என்பர். அணைப்பு விதி எனலாம். எறிவதற்காகக் கையை முன்னே அசைத்தவன், மனம் மாறிப் பந்தை உடலோடு அணைக்க முயலும்போது அதை இழந்தாலும், அது முன்னெறிவே. அணைத்து முடித்த பின் இழந்தால் மட்டுமே நழுவல் என்பது அதன் கருத்து. இப்படி ஒரு விதி ஏன் தேவைப்பட்டது? எறிய நினைத்த எண்ணம் எந்தக் கணத்தில் கைவிடப்பட்டது என்று நடுவரைக் கேட்டால் அவரால் கூற முடியாது. பந்து உடலோடு சேர்ந்துவிட்டதா என்று கேட்டால் கூற முடியும். காண முடியாததை விட்டுவிட்டு, காணக்கூடிய ஓரிடத்தில் கோடு போட்டனர். கருத்து நன்றே. ஆனால் கோடு விழுந்த இடம் பொது அறிவுக்குப் பொருந்தவில்லை. எறியும் எண்ணத்தை விட்டுவிட்டவன் கையிலிருந்து விழுந்த பந்தை எறிவு என்று அழைத்தால், பார்ப்பவர் நெஞ்சம் ஒப்புமா?

ரெய்டர்ஸ் அணியினரின் நெஞ்சம் ஒப்பவில்லை. இன்றளவும் ஒப்பாதவர் பலர். ஆயினும் மறவாமல் நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே பருவத்தில், 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், நியூயார்க் ஜெட்ஸ் அணியோடு ஆடியபோது, எதிரணியின் வின்னி டெஸ்டவர்டி நழுவவிட்டதாகக் கருதிய பந்தைப் பேட்ரியட்ஸ் அணியினர் கைப்பற்றினர். அப்போதும் இதே விதியின்படி அது முன்னெறிவு என்று முடிவாகிப் பந்து அவர்களிடமிருந்து போயிற்று. செப்டம்பரில் அவர்களுக்கு இழப்பைத் தந்த விதியே ஜனவரியில் அவர்களுக்கு வாழ்வைத் தந்தது. விதிக்கு முகம் தெரியாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

அன்றைய இரவில் கோல்மனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தம் மனத்துக்கு நியாயமாகத் தோன்றுவதைக் கூறுவது. மற்றொன்று, எழுதப்பட்ட விதி எதைக் கூறுகிறதோ அதைக் கூறுவது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். அதற்குரிய விலையையும் கொடுத்தார். 2018-ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஓய்வு பெறும்வரை, ரெய்டர்ஸ் அணியின் ஆட்டம் எதற்கும் அவர் மீண்டும் நடுவராக அனுப்பப்படவில்லை. விதியை எழுதியவர் அவர் அல்லர், படித்துச் செயற்படுத்தியவரே. பழியோ செயற்படுத்தியவர் மீது விழுந்தது. உலகியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

விதி தவறானால் திருத்துவதற்கு இடம் உண்டு. அது களம் அன்று; கழகத்தின் கூட்டம். 2013-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் அணி உரிமையாளர்கள் கூடி, 29-க்கு 1 என்ற வாக்கு வேறுபாட்டில் அணைப்பு விதியை நீக்கினர். பேட்ரியட்ஸ் அணி வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. இப்போதுள்ள விதிப்படி, கை முன்னோக்கி வீசும்போது பந்து போனால் முன்னெறிவு. உடலை நோக்கித் திருப்பத் தொடங்கிய பின் போனால் நழுவல். கோடு அழிக்கப்படவில்லை; இடம் மாற்றப்பட்டது. முன்பு அணைத்து முடித்த இடத்தில் இருந்தது. இன்று அணைக்கத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. இரண்டும் கண்ணால் காணக்கூடிய இடங்களே. கூர்ந்து பார்க்க வேண்டிய கடமை மட்டும் நடுவருக்கு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் ஐயம் எழாமல் போகுமா? எழும். ஐயம் எழுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கின்றனர். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களின் விதிநூல், ஐயம் நேர்ந்தால் நழுவல் என்று கொள்ளாமல் எறிவு என்று கொள்க என்கிறது. பந்தை ஓரணியிடமிருந்து பறிப்பது பெரிய தண்டனை. ஐயத்தின் மீது பெரிய தண்டனை விதிக்கலாகாது என்பது அதன் உட்கருத்தாக எனக்குப் படுகின்றது. படப்பதிவு வந்த பிறகு வேறொரு வழக்கமும் வளர்ந்திருக்கிறது. ஐயம் உள்ள இடத்தில் நடுவர் விசிலை உடனே ஊதாமல், ஆட்டத்தை அதன் போக்கில் முடிய விடுவார். விசில் ஊதிவிட்டால் ஆட்டக்காரர்கள் நின்றுவிடுவர்; பந்தை யார் எடுத்திருப்பார், எவ்வளவு தூரம் ஓடியிருப்பார் என்பதை எந்தப் படமும் பிறகு காட்ட முடியாது. ஊதாமல் விட்டால், எறிவு என்று பின்னர்த் தெரிந்தாலும் பந்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். திருத்தக்கூடிய பக்கம் சாய்ந்து நிற்பதே அறிவுடைமை என்பது இவ்வழக்கத்தின் அடிப்படை.

நான் பல ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றியவன். விடைத்தாள்களைக் கட்டுக்கட்டாகத் திருத்தியவன். விடைத்தாளைப் பெற்றுக்கொண்ட பின், "ஐயா, நான் இப்படித்தான் எழுத நினைத்தேன்" என்று வந்து நின்ற மாணவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கூறியது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆயினும் தேர்வாளர் மதிப்பெண் இடுவது எழுதியதற்கே அன்றி, எழுத நினைத்ததற்கு அன்று. இது இரக்கமின்மை என்று இளம் வயதில் உங்களுக்குத் தோன்றலாம். சற்றே எண்ணுங்கள். நினைத்ததற்கு மதிப்பெண் இடத் தொடங்கினால், தன் நினைவை அழகாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவனுக்கு ஒன்றும், கூச்சத்தால் வாய் திறவாதவனுக்கு ஒன்றுமாக இரு நீதி விளையும். கடைசி வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் பிள்ளைக்குக் காவலாக இருப்பது, எழுதியதை மட்டும் பார்க்கும் அந்தக் கண்டிப்புத்தான். களத்தில் நடுவர் கையைப் பார்ப்பதும், நெஞ்சைப் பார்க்க மறுப்பதும் இதே காரணத்தால்.

ஆகவே அன்பர்களே, ஆட்டத்திலோ வாழ்க்கையிலோ ஒரு தீர்ப்பு உங்களுக்குக் கசக்கும்போது, மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். நடந்தது என்ன? அதற்குரிய விதி என்ன? அந்த விதி நல்லதுதானா? நடுவர் விடை கூற வேண்டியவை முதல் இரண்டு மட்டுமே. மூன்றாவதற்கு விடை கூற வேண்டியவர்கள் விதியை ஆக்குபவர்கள். மூன்றாம் கேள்வியின் சினத்தை முதல் இரண்டுக்கும் விடை கூறியவர் மீது காட்டுவது முறையாகாது. விதி கெட்டது என்று தெளிந்தால், அதனை மாற்றுவதற்குரிய மன்றத்தில், உரிய காலத்தில், விடாது முயலுங்கள். 1906-இல் உயிர்களைக் காக்க விதி மாறிற்று; 1979-இல் வஞ்சனையைத் தடுக்க மாறிற்று; 2013-இல் பொது அறிவோடு பொருந்த மாறிற்று. அணைப்பு விதி மாறுவதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. பொறுமை வேண்டும், ஆனால் மாறியது.

நாளை உங்களுள் பலர் ஏதேனும் ஒரு வகையில் நடுவராக அமரப் போகின்றீர்கள். ஆசிரியராகவோ, அலுவலராகவோ, வீட்டில் இரு குழந்தைகளுக்கு இடையே எழுந்த சண்டையைத் தீர்க்கும் பெற்றோராகவோ அந்தப் பொறுப்பு உங்களை வந்து அடையும். அப்போது உருளும் பந்தின் பின்னே உங்கள் கண் ஓடாதிருக்கட்டும். அது புறப்பட்ட கையின்மீது நிலைத்திருக்கட்டும்.